போய்த் திரும்பும் பாதை

சனிக்கிழமை வைகறையில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோரம் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். முதுகில் பை சுமந்த இளைஞர்கள் இருவர் மூவராக மோட்டார் சைக்கிள்களில் மேற்கு நோக்கி விரைந்து செல்வர். ஏலகிரி, சவ்வாது, ஏற்காடு, கொல்லி என்று மலைகளின் பெயர்களே அவர்கள் பேச்சில் அடிபடும். வாரம் முழுவதும் இயந்திரங்களின் ஓசையிலும் புகையிலும் உழைப்பவர்கள் இரண்டு நாள் மலைக்காற்றை நாடுவது குற்றமன்று. உடலுக்கும் உள்ளத்திற்கும் அது நலமே. ஆயினும் போகிறவர்கள் அனைவரும் நலமாகத் திரும்புகிறார்களா என்பதே நம் கவலை.

நம் மேற்குப் புறநகர் வண்டிகளோடு பிறந்து வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1962-இல் தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில் வேரூன்றியது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. வண்டியின் சக்கரத்தையும் பிரேக்கையும் செய்யும் கைகள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் உண்டு. எனினும் அவ்வண்டியை மலைச்சாலையில் நடத்தும் முறையை நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இக்கேள்வியை எங்கள் நெஞ்சில் விதைத்தவர் எங்கள் தெருவில் வாழும் ஒரு தாய். மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய மூத்த மகன் நண்பர்களுடன் மலையேறினான், திரும்பி வரவில்லை. மாலை வேளையில் இறக்கத்தில் வந்தவன், பெட்ரோல் மிச்சமாகும் என்றெண்ணி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கியரையும் விடுவித்து வண்டியைத் தானாக உருளவிட்டான். பின்னால் வந்த நண்பர்கள் கண்முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. காவலர் இல்லாத மலைதானே என்று கழற்றிய தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

சென்ற தைத் திங்களில் இளைய மகனும் மலைக்குப் போகவேண்டும் என்று புறப்பட்டான். தாய் எங்களுள் மூத்தவரிடம் வந்து நின்றார். "போகாதேன்னு சொன்னா கேட்கமாட்டான், அண்ணா. சொல்லாம போயிடுவான். நீங்க கூடப் போனீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார். மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் மூவரும் அந்தத் தம்பியுமாக நால்வர் ஏலகிரி வழியாகச் சவ்வாது மலைக்குச் சென்றுவர முடிவு செய்தோம்.

புறப்படுமுன்

முதல் வழக்கு வீட்டிலேயே தொடங்கியது. தம்பி தொழிற்பேட்டையில் இரவுப்பணி செய்பவன். வேலை முடிந்த கையோடு விடியற்காலையிலேயே கிளம்பிவிடலாம் என்றான். "மலை எங்கேயும் ஓடிப்போய்விடாது தம்பி, இன்று தூங்கு, நாளைக்குப் போகலாம்" என்றார் மூத்தவர். அவன் முகம் வாடிற்று. ஆனால் உறக்கமற்ற கண்கள் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் அயர்ந்துவிடும் என்பதை நெடுஞ்சாலையில் வண்டியோட்டிய எவரும் அறிவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் கடந்துபோகிறது. மூன்று விநாடி கண்ணயர்ந்தால் 50 மீட்டர் தூரம் வண்டி ஆளின்றி ஓடியதற்குச் சமம்.

ஒரு நாள் கிடைத்ததால், மூன்று வண்டிகளையும் பழுதுபார்ப்பவரிடம் காட்டினோம். தம்பியின் வண்டியில் பிரேக் எண்ணெய் கறுத்திருந்தது. பின் சக்கரப் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. "இது ஊருக்குள்ள ஓட்டத் தாங்கும் சார், மலைக்குத் தாங்காது" என்றார் அவர். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கலந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழியிடும்; அப்போது பிரேக்கை அழுத்தினாலும் பிடிப்பு கிடைக்காது. சமவெளியில் இக்குறை தெரியாது. மலையிறக்கத்தில்தான் அது வெளிப்படும். எண்ணெயையும் கட்டையையும் மாற்றி, சங்கிலியையும் சக்கரக் காற்றையும் சரிபார்த்த பின்னரே புறப்பட்டோம். எந்த வழியாகப் போகிறோம், எங்கு தங்குகிறோம், எந்த எந்த ஊரிலிருந்து தொலைபேசியில் அழைப்போம் என்பதை ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுத்தோம்.

ஏற்றம்

திருப்பெரும்புதூர், வாலாசாப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என நெடுஞ்சாலை நீண்டது. மணிக்கொருமுறை இறங்கி நீர் பருகி, கைகால்களை நீட்டி மடக்கினோம். வாணியம்பாடிக்கு அப்பால் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்தால் அடிவாரத்தில் பொன்னேரி என்னும் ஊர் வருகிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியையே அறிந்த எங்களுக்கு அப்பெயர்ப்பலகை வியப்பூட்டியது. 2019-இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது இப்பகுதி. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியை அடையலாம். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அப்பெயர்களை வாசித்துக்கொண்டே ஏறுவது ஓர் இன்பம்.

அவ்வின்பத்தில் தம்பி சற்றே வேகம் கொண்டான். ஒரு வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கி வந்தது. நீண்ட வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். முன்னால் சென்ற மூத்தவர் கையுயர்த்தி எங்களை வளைவுக்கு முன்பே நிறுத்தினார். "ஏறுகிற வண்டிக்குத்தானே இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும்?" என்று தம்பி கேட்டான். அவன் சொன்னது சரியே. குறுகிய மலைச்சாலையில் ஏறுகிறவருக்கே முதலிடம் என்பது சாலை விதி. "விதி உன் பக்கம்தான் தம்பி. ஆனால் பள்ளமும் உன் பக்கம்தானே இருக்கிறது" என்றார் மூத்தவர். பேருந்து கடந்து செல்லும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை புங்கனூர் ஏரிக்கரையில் அமர்ந்து, வளைவில் வண்டியோட்டும் முறையைப் பேசினோம். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துத் தக்க கியருக்கு மாற்றிவிட வேண்டும். வளைவின் நடுவே திடீரெனப் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஒலியெழுப்பிவிட்டு இடப்பக்கத்திலேயே செல்லவேண்டும். கண் பள்ளத்தை நோக்கினால் வண்டியும் அப்பக்கமே சாயும். ஆகவே பார்வை போகவேண்டிய வழியின்மேல் இருத்தல் வேண்டும். மணல், ஈரச் சருகு, சிந்திய எண்ணெய், சாலையில் வந்தமரும் குரங்குகள் ஆகியவை எந்த வளைவிலும் காத்திருக்கலாம். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் இறுகி வழுக்காதிருக்க உதவும் ஏ.பி.எஸ். கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நல்ல கருவிதான், ஆனால் அளவுக்கு மீறிய வேகத்தை அது மன்னிப்பதில்லை.

இறக்கம்

மறுநாள் காலை இறங்கலானோம். எங்களுள் ஒருவர் கியரில்லாத ஸ்கூட்டரில் வந்திருந்தார். கியர் வண்டியை ஏற்றத்திற்குரிய அதே தாழ்ந்த கியரில் வைத்து இறக்கினால், இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தினால் போதும். கியரில்லாத வண்டியில் அந்த உதவி மிகக் குறைவு. முழுச் சுமையும் பிரேக்கின் மேலேயே விழும். இதனை அறிந்திருந்தும் நாங்கள் அந்த ஸ்கூட்டரைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை. தம்பியைக் காக்க வந்தவர்கள் அல்லவா! எங்கள் கண்ணெல்லாம் அவன்மேலேயே இருந்தது.

கடைசியாக வந்துகொண்டிருந்த தம்பி திடீரென விடாமல் ஒலியெழுப்பினான். நாங்கள் ஓரமாக நின்றோம். அவன் ஓடிவந்து, "ஐயா, உங்க பின் சக்கரத்துல கருகற வாடை வருது. இறங்குங்க" என்று ஸ்கூட்டரில் இருந்தவரிடம் சொன்னான். அவர் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். பிடி முழுவதும் உள்ளே போயிற்று. இன்னும் ஐந்தாறு வளைவுகள் எஞ்சியிருந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது. நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சூடேறிய பிரேக்கின்மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். கூடாது, சூடான உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் கோணிப்போகலாம். சாலை அகன்றிருந்த இடத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டு, தானாக ஆறும்வரை அரை மணி நேரத்திற்கு மேல் காத்திருந்தோம். பிடிப்பு திரும்பியதை ஓரமாகவே மெல்ல உருட்டிச் சோதித்த பின், இரண்டு வளைவுக்கொருமுறை நின்று நின்று கீழே வந்தோம். அடிவாரத்தில் ஒரு பட்டறையில் காட்டிய பின்னரே பயணத்தைத் தொடர்ந்தோம். காக்கப் போனவர்களை, காக்கப்பட வேண்டியவன் என்று நாங்கள் கருதியவனே காத்தான். "அண்ணன் வண்டியிலயும் அன்னிக்கு அந்த வாடை வந்துச்சாம். கூட வந்தவங்க சொன்னாங்க" என்று மட்டும் அவன் சொன்னான்.

மலையில் வாழ்வோர்

ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைத்தொடருள் நுழைந்தோம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-இல் அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி செயற்பாட்டுக்கு வந்தது. நகரத்து விளக்கொளி எட்டாத இருளுக்காகவே வானியலறிஞர் இத்தகைய இடங்களை நாடுகின்றனர். விண்மீனைக் காட்டும் அந்த இருள், சாலையின் பள்ளத்தை மறைத்துவிடும். மலைநிழலில் பொழுது விரைவில் மங்கும்; பல இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைப்பதில்லை. ஆகையால் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே மலையை விட்டு இறங்குவது என்று உறுதிகொண்டிருந்தோம், அவ்வாறே செய்தோம்.

வழியெங்கும் தலைச்சுமையோடு நடக்கும் பெண்களையும், ஆடு மேய்க்கும் சிறுவர்களையும் கண்டோம். நமக்கு இச்சாலை இரண்டு நாள் உல்லாசம். அவர்களுக்கோ மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்லும் அன்றாட வழி. இதே மலைத்தொடரின் புதூர்நாடு பகுதியில், 2022 ஏப்ரலில், கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சிறு சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். அத்தகைய மக்களின் சாலையில் நாம் விருந்தினராகச் செல்கிறோம் என்ற அடக்கம் நமக்கு வேண்டும்.

விபத்தைக் கண்டால் விலகிப் போகலாகாது. நல்ல சமாரியன் உவமையில் வரும் எருசலேம்–எரிகோ சாலையும் ஒரு மலையிறக்கமே. 30 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்குவது. வழக்கில் சிக்குவோமோ என்ற அச்சம் இன்று தேவையில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-இல் உச்சநீதிமன்றம் வலுவளித்தது. 2019-இல் அது சட்டத்திருத்தத்திலும் இடம்பெற்றது. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரைக் கைகாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். மூச்சுக்குத் தடையில்லாவிடில் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

2015 ஜூலை முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி நம் மாநிலத்தில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. 2021 ஜூன் முதல் தரமுத்திரை பெற்றவற்றையே விற்கலாம். தலைக்கவசம் அணிவதால் இறப்பு அபாயம் ஏறக்குறைய 40 சதவீதமும், தலைக்காய அபாயம் ஏறக்குறைய 70 சதவீதமும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. காவலர் நிற்கும் இடத்தில் அணிந்து, மலையில் கழற்றுவது யாரை ஏமாற்றுவதற்கு?

பெற்றோரே, "போகாதே" என்ற ஒரு சொல்லோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தூங்கினாயா? பிரேக்கைக் காட்டினாயா? எந்த வழி? எப்போது இறங்குவாய்? இந்நான்கையும் அன்போடு கேளுங்கள். மறைத்துவிட்டுப் போகும் பிள்ளையைவிடச் சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை பாதுகாப்பானவன்.

இரவு ஒன்பது மணியளவில் பூவிருந்தவல்லியை அடைந்தோம். எழுதிக்கொடுத்த தாளின்படி அங்கிருந்து கடைசி அழைப்பு. தெருமுனையில் திரும்பியபோது அந்தத் தாய் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். தாள் அவர் கையில் மடங்கிக் கசங்கியிருந்தது. தம்பி இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, உள்ளே அண்ணன் படத்தின் கீழிருந்த ஆணியில் மாட்டினான். தாய் மலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.