சஃபாரி சூட்டும் ஒரு நதியும்

அப்பாவிடம் கருநீல நிறத்தில் ஒரு சஃபாரி சூட் உண்டு. நாக்பூரில் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் தைத்தது. கல்யாண வீடுகளுக்கும் அதுதான், அதிகாரிகளின் பிரிவுபசாரத்துக்கும் அதுதான், வருடத்துக்கு ஒரு முறை எங்களைக் கான்ஹா காட்டுக்கு அழைத்துப் போகும்போதும் அதுதான். சஃபாரி என்றால் அரைக்கைச் சட்டையும் அதே துணியில் பேன்ட்டும் என்றுதான் பத்து வயது வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஸ்வாஹிலிச் சொல் என்பதும், அரபியிலிருந்து அங்கே போனது என்பதும், டெல்லிப் பேருந்துகளில் தினமும் காதில் விழும் ‘சஃபர்’ அதன் உறவுக்காரன் என்பதும் மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்தவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் உறவினர் வீட்டுக்குப் பஸ் ஏறினாலும் அது சஃபாரிதான். விலங்குகள் கட்டாயமில்லை. இருபது ஆண்டுகளாக வனவிலங்குக் கட்டுரைகளைத் தமிழாக்கி வருகிறேன். ஆப்பிரிக்கக் காட்டுநாய் என்று நான் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், ‘இது நம் செந்நாயா, தெருநாய் காட்டுக்குள் போனதா?’ என்று கேட்டு எழுதினார். இரண்டும் இல்லை என்று பதில் போட்டேன். அந்த விலங்கை அதுவரை நான் பார்த்ததில்லை. இன்றுவரையிலும்தான்.

பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்பாவால் வந்தது. அவருக்கு 71 வயது. சென்ற ஆண்டு, பத்திரிகையில் வரிகளின் நடுவே எழுத்துகள் காணாமல் போகின்றன என்றார். விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்து வருவதாக மருத்துவர் சொன்னார். ஓரங்கள் தெரியும், நடுவில்தான் மங்கும். ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், போனது திரும்பாது. வீடு திரும்பும்போது ஆட்டோவில் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஏம்மா, ஆப்பிரிக்கா யானை நம்ம யானையைவிடப் பெரிசாமே? அவ்வளவு பெரிசா இருந்தா எனக்குத் தெரியும்ல?”

திட்டம் அந்த ஆட்டோவில் தொடங்கியது.

முதலில் வந்த பயண நிறுவனத்தின் பட்டியலில் எட்டு நாட்களில் இரண்டு நாடுகள், நான்கு பூங்காக்கள், ‘ஐந்து பெரிய விலங்குகள்’ என்று இருந்தன. அப்பா கணக்குப் பிரிவு ஆசாமி. ஒவ்வொரு நாளும் சாலையில் போகும் நேரத்தை ஒரு தாளில் கூட்டச் சொன்னார். விழித்திருக்கும் நேரத்தில் பாதி, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதிலேயே கழிந்தது. “இது மிருகத்தைப் பார்க்கறதில்ல, ஹாஜர் எடுக்கறது” என்றார். கான்ஹாவில் எல்லா ஜீப்புகளும் புலியைத் தேடி ஓடும்போது, ஒரு நீர்க்குட்டை பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி டிரைவருடன் வாதாடுவார். அந்த மனிதருக்கு ஏற்ற திட்டம் ஒன்றுதான். ஒரே காடு, பல நாட்கள்.

தேடியதில் தெற்குத் தான்சானியாவின் ருவாஹா தேசியப் பூங்கா கிடைத்தது. 1964இல் அறிவிக்கப்பட்டது. 2008இல் உசாங்கு சதுப்பு நிலத்தையும் சேர்த்து விரிவாக்கிய பிறகு ஏறத்தாழ 20,000 சதுர கி.மீ. செரங்கெட்டியைவிடப் பெரியது, கூட்டமோ மிகக் குறைவு. யானை, சிங்கம், நான் பதில் எழுதிய அந்தக் காட்டுநாய் எல்லாம் உண்டு. கரையெங்கும் பாவோபாப் மரங்கள். மத்தியப் பிரதேசத்தின் மாண்டுவில் ‘மாண்டு இம்லி’ என்று அதன் காயை விற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பருத்த மரம் தெரிந்திருக்கும். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அப்பாவுக்கு அந்த மரமும் நன்றாகவே தெரியும். பெரியதாயிற்றே.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல். அங்கே ஏறத்தாழ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, பிறகு வறட்சி. விசாரித்த எல்லோரும் செப்டம்பர், அக்டோபர் என்றார்கள். புல் காய்ந்து, தண்ணீர் சுருங்கி, விலங்குகள் எல்லாம் ஆற்றுக்கு வந்துவிடும், உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம் என்றார்கள். கண் மங்கும் மனிதருக்கு அதுதானே வசதி? நானும் அக்டோபர் என்று முடிவு செய்துவிட்டு, கிரேட் ருவாஹா ஆற்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அது வருடம் முழுவதும் ஓடிய ஆறு. 1993இல் முதன்முறையாக வறட்சிக் காலத்தில் பூங்காவுக்குள் ஓட்டம் நின்றது. அதன் பிறகு ஆண்டுதோறும் வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் நிற்கிறது. மேற்பகுதியில் உசாங்கு சமவெளியில் நெல் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பப்படுவது முக்கியக் காரணம். மிஞ்சிய குட்டைகளில் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. யானைகள் ஆற்று மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கின்றன. வழிகாட்டிப் புத்தகங்கள் ‘அற்புதக் காட்சி’ என்று புகழ்வதில் ஒரு பகுதி, ஓர் ஆற்றின் நோய். மேல்மடைக்காரனைக் குற்றம் சொல்லவும் நாக்கு எழவில்லை. அவன் விளைவிப்பதும் நாம் தின்பதும் அரிசிதான்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆறு ஓடும்போதே போயிடலாம்மா. மிருகம் கொஞ்சம் குறைவாத் தெரிஞ்சாலும் பரவாயில்ல.”

ஆக, ஜூன் கடைசி. புல் இன்னும் உயரமாக இருக்கும், விலங்குகள் சிதறி இருக்கும், ஒரு நாளில் ஒன்றும் தென்படாமலும் போகலாம். அதனாலேயே ஆறு இரவுகள் பன்னிரண்டாயின. பூங்காவில் கட்டணம் 24 மணி நேரக் கணக்கு. நாட்கள் கூடக் கூட மீட்டர் ஓடும். முதல் மதிப்பீடு என் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியது. ஆடம்பரக் கூடாரத்தை விட்டு, பூங்கா நிர்வாகத்தின் எளிய குடில்களுக்கு இறங்கியபோது மூச்சு வந்தது. பால்கனி ஒழுக்கைச் சரிசெய்ய வைத்திருந்த பணமும் இதில் போய்விட்டது. பால்கனி இன்னொரு மழைக்கு ஒழுகும்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு தடுப்பூசி. வழியில் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாற வேண்டியிருக்கலாம். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் இந்தியா தடுப்பூசிச் சான்று கேட்கும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாக, உயிருக்கே ஆபத்தான பக்கவிளைவு வரலாம். மருத்துவர் இதை எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். இதயம், கல்லீரல் எல்லாம் பரிசோதித்துவிட்டு, “போடலாம். போட்டுத்தான் ஆக வேண்டுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

நான் வேண்டாம் என்றேன். என் ஆசைக்கு அவரைப் பணயம் வைக்கிறேனோ என்ற பயம். அப்பா கோபப்படவில்லை. “எனக்கு எது ஆபத்துன்னு நீ முடிவு பண்ண ஆரம்பிச்சிட்டா, அப்புறம் நான் உட்கார்ந்த இடத்திலயே இருக்க வேண்டியதுதான்” என்றார். அதில் இருந்த நியாயம் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. பிறகு அரசு அங்கீகரித்த மையம் ஒன்றில் இருவரும் போட்டுக்கொண்டோம். சான்று செல்லுபடியாகப் பத்து நாட்கள் ஆகும். அந்தப் பத்து நாளும் அவர் தும்மினால்கூட நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்து, அங்கே உடம்புக்கு ஏதாவது வந்தால்? மருத்துவமனை உள்ள நகரம் இரிங்கா, சுமார் 130 கி.மீ. பெரும்பகுதி மண் சாலை. சிறிய விமானம் இறங்க மண் ஓடுதளம் உண்டு, அதுவும் பகலில்தான். மருத்துவ விமானத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தேன். இரவில் நெஞ்சு வலித்தால் காப்பீட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தொலைவான காடு என்று விளம்பரத்தில் போடுவதன் முழு அர்த்தம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. கூட்டம் வராத காரணமும், உதவி வராத காரணமும் ஒன்றே. ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும்.

அம்மா இதில் எதிலும் தலையிடவில்லை. “நீங்க ரெண்டு பேரும் சிங்கத்தைப் பாத்துட்டு வாங்க. நான் அக்கா வீட்ல இருக்கேன். அங்க கொசு மட்டும்தான்” என்றாள்.

மூட்டை கட்டும் கட்டம் வந்தது. குட்டி விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கும் துணிப்பையில். தான்சானியாவில் 2019இலிருந்து பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, ஆகவே பருப்புப் பொடியும் ஊறுகாயும் டப்பாவுக்கு மாறின. மலேரியா மாத்திரை, கண் சொட்டு மருந்து, பழைய பைனாகுலர். அப்பா பீரோவிலிருந்து அந்தக் கருநீல சஃபாரி சூட்டை எடுத்து வந்து கட்டில்மேல் வைத்தார். அங்கே செட்ஸி என்றொரு ஈ உண்டு. தூக்க நோயைப் பரப்பும் ஈ. அதற்கு நீலமும் கறுப்பும் என்றால் உயிர். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளைக்கூட அந்த நிறத் துணியில்தான் தைக்கிறார்கள். சஃபாரிக்குக் கொண்டுபோகக் கூடாத உடை என்று ஒன்று உண்டென்றால், அது இந்த சஃபாரி சூட்தான். சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பை நான் அந்த ஆட்டோ நாளுக்குப் பிறகு கேட்கவில்லை.

பயணத் திட்டத்தை அவர் படிக்க வசதியாக, தடித்த ஸ்கெட்ச் பேனாவால் நாளுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதினேன். முதல் பக்கம் விமானம், கடைசிப் பக்கம் விமானம். நடுவில் உள்ள பக்கங்களை என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். நேற்று நோட்டைப் புரட்டினால் அவரே நிரப்பியிருக்கிறார். வரி கோணலாகப் போயிருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் ஒரே வார்த்தை: ‘ஆற்றங்கரை’.