பன்னிரண்டு கூடை

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் கிளேபாங்கைத் தாண்டி, சுண்ணாம்பு மலை கண்ணில் பட்டால் செமோர் வந்துவிட்டது என்று அர்த்தம். கந்தான் மலை. நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது பார்த்த மலைக்கும் இன்றைய மலைக்கும் வித்தியாசம் உண்டு. சிமெண்டுக்காகப் பல ஆண்டுகளாக ஒரு பக்கத்தை வெட்டி எடுக்கிறார்கள். தன் வளைக்குத் தானே கதவு செய்துகொள்ளும் ஒரு வகைச் சிலந்தி உலகத்திலேயே அந்த மலைக் குகையில் மட்டும்தான் இருக்கிறதாம். மலை சிமெண்டாகிறது, சிமெண்டு தாமானாகிறது. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் எழுந்த அப்படியொரு தாமானில்தான் அம்மா தனியாக இருக்கிறார். அவர் வீட்டுப் பின்னறையில் இருப்பது இன்னொரு மலை. அது வளர்ந்துகொண்டே போகிறது.

மைலோ டின்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், அப்பாவின் சட்டைகள், கைப்பிடி உடைந்த குடைகள், 1990களிலிருந்து ஒன்று விடாமல் கோயில் நாட்காட்டிகள். சிலுவைக்குப் பின்னால் வருடா வருடம் செருகி, இடம் போதாமல் கட்டுக் கட்டாகக் கீழே இறங்கிவிட்ட குருத்தோலைகள். பாட்டியின் பால்மரக் கத்தியும் இரண்டு மங்குகளும். கடந்த ஜனவரியில் அம்மா பழைய பேப்பர் கட்டு தடுக்கி விழுந்தார். மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. 68 வயதில் இடுப்பாக இருந்திருந்தால்?

2026இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. மறுநாளே திருநீற்றுப் புதன். அதற்கு முந்திய சனிக்கிழமை நான் செமோருக்குப் போனேன். தெரு முழுக்கத் தூசி. புத்தாண்டு பிறந்தபின் பெருக்கினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து வெளியே போய்விடும் என்று சீனர் வீடுகளில் முன்கூட்டியே கழுவித் துடைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் போகிக்கே முடித்துவிட்டது.

"நாமதாம்மா பாக்கி" என்றேன்.

"நமக்குத்தான் நாப்பது நாள் இருக்கே" என்றார் அம்மா.

வானொலியில் பேசிப் பிழைக்கிறவள் நான். வீட்டில் சாமான் குறைப்பது பற்றி நிகழ்ச்சியே செய்திருக்கிறேன். ஜப்பானின் மேரி கோண்டோ சொல்வதுபோல, பொருளைக் கையில் எடுத்து அது மகிழ்ச்சி தருகிறதா என்று பாருங்கள், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று நேயர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அப்பாவின் கைத்தடியை நீட்டினார். "இது என்ன சந்தோஷம் தரும்? கடைசி ரெண்டு வருஷம் அவரு பட்ட பாடுதான் ஞாபகம் வரும். தூக்கிப் போட்டுடவா?"

எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சிலிபின் லூர்து மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். நான் தலைவலி என்று வீட்டில் இருந்துகொண்டேன். அவர் திரும்புவதற்குள் 11 கறுப்புப் பைகள் நிரப்பினேன். சரியாக அந்த நேரம் பழைய பேப்பர் லாரி வந்தது. "சூராட் காபார் லாமா..." தொழில்காரியாகச் சொல்கிறேன், ஒலிப்பதிவு செய்த அந்தக் குரல்காரரைப் போல நாடு முழுக்கக் கேட்கப்படுகிற அறிவிப்பாளர் வேறு யாரும் இருக்க மாட்டார். மூச்சு வாங்கும் இடம்கூட மாறாது. கைகாட்டி நிறுத்தினேன். போன பைகளில் ஒன்றில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. திறந்துதான் பார்த்தேன். பழுப்பேறிய காகிதங்கள். பாட்டியின் சம்பளச் சீட்டுகள், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, பெரிய மாமாவின் ஞானஸ்நானப் பத்திரம்.

பெரிய மாமா மெர்டேக்காவுக்கு முன் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்கவே இல்லை. நம் நாட்டில் குடிமகனுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிக்குச் சிவப்பு. பிறந்த மண்ணிலேயே ஆயுள் முழுக்கச் சிவப்பு அட்டையோடு இருந்த தோட்டத்து மனிதர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாமா கடைசியாக ஒரு முறை விண்ணப்பிக்க முடிவு செய்து, அம்மாவிடம் டின்னைக் கேட்டார்.

ஞானஸ்நானப் பத்திரத்தைக் கோயில் பதிவேட்டிலிருந்து மறுபடி எழுதி வாங்க முடிந்தது. அந்த ஏடுகளைத் திருச்சபை எறிவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு மறுபிரதி எங்கும் இல்லை. ஆஸ்பத்திரியும் இல்லை, தோட்டமும் இல்லை. போன ஆகஸ்டில் மாமா காலமானார். அட்டை சிவப்பாகவே இருந்தது. அந்தச் சீட்டு இருந்திருந்தாலும் நிறம் மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். 1950களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஏராளமான குடும்பங்கள் அப்படித்தான் வெளியே வந்தன. இங்கிருந்து கூப்பிடு தூரத்துச் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தொழிலாளர்கள் அந்தக் கதிக்கு ஆளாகாமல் தோட்டங்களை வாங்கத்தான். பாட்டிக்குச் சொந்தமாக இருந்தது தலையில் தூக்கிப் போகக்கூடியது மட்டும். டின்னை எறியாதே என்று அவர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. வெறுமையான சுவரும் ஒரே ஒரு பூச்சாடியும் அழகுதான். வீடு தன் பெயரில் இருக்கிறவர்களுக்கு.

இந்த முறை அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். முடிவு அவருடையது. முதல் ஒரு மணி நேரத்தில் வெளியே போனது இரண்டு குடைகள். பிறகு வேதாகமத்தை இழுத்தார். ஐந்து அப்பத்தைப் பகிர்ந்து ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு, ஒன்றும் வீணாகாமல் மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னவர் ஆண்டவர்தானே, பன்னிரண்டு கூடை நிறைந்ததே என்றார்.

"அதை யாராவது சாப்பிட்டிருப்பாங்கம்மா. பின்னறையில வச்சுப் பூட்டலையே. மன்னாவை மறுநாளைக்குன்னு எடுத்து வச்சப்ப புழுதானே வச்சுது?"

அம்மா சிரித்துவிட்டார். அதற்குப்பின் வேலை நகர்ந்தது. அப்பாவின் சட்டைகள் 31. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்கட்டும் என்ற திருமுழுக்கு யோவானின் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் பெரிய கடன்காரர்கள். நாலாம் நூற்றாண்டில் புனித பசிலியார் இதைவிடக் கடுமையாகப் பேசினார்: பெட்டியில் பூட்டிய உடுப்பு உடுப்பில்லாதவனுக்குச் சேர வேண்டியது என்றார். ஒரு சட்டை அம்மா வைத்துக்கொண்டார். மீதியைத் துவைத்து மடித்து வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களுக்கு என்று கட்டினோம். கைத்தடியும் அதோடு போயிற்று. அதை எடுத்து வைத்தது அம்மாதான்.

டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கட்டு வாழைமர நோட்டுகள் கிடைத்தன. 1942இலிருந்து 1945 வரை ஜப்பான்காரன் அச்சடித்து விட்ட பணம். அவன் சரணடைந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது. பாட்டியின் அப்பா ஒரு பசுவை விற்று வாங்கிய நோட்டுகளாம் அவை. பூச்சியும் துருவும் தின்னும் செல்வம் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான். எறிவதற்கு வந்த நான், "இது எனக்கு" என்று பையில் போட்டுக்கொண்டேன். என் பெட்டாலிங் ஜெயா அடுக்ககத்தில் பழைய கைபேசிகளின் காலி அட்டைப் பெட்டிகள் ஒன்பது இருக்கின்றன என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

காகிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்து ஒரே கோப்பில் அடுக்கினேன். சிறையிலிருந்து பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் விட்டுவந்த போர்வையையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோல்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். உலகத்தையே விட்டவருக்கும் காகிதம் வேண்டியிருந்தது.

கை உடைந்த அந்தோணியார் சுரூபத்தைக் குப்பையில் போடக் கூடாது. மந்திரித்த பொருளை எரிக்கலாம், அல்லது மண்ணில் புதைக்கலாம். முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். அம்மா ஒரு அருள்நிறை மரியே சொன்னார்.

குருத்தோலைகளை மறுநாள் சிலிபினுக்குக் கொண்டுபோனோம். பழைய ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுவார்கள். அவற்றைச் சேர்க்க வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து வருட ஓலை. எங்கள் கட்டிலேயே அது பாதி நிறைந்துவிட்டது. நான் உள்ளே போகத் திரும்பினேன். அம்மா வரவில்லை. குனிந்து கட்டுக்குள் எதையோ தேடி, இன்னும் லேசாகப் பச்சை தெரிந்த ஓர் ஓலையை உருவி எடுத்தார்.

"இது போன வருஷம் அண்ணன் கையில பிடிச்சிருந்தது" என்று சொல்லி, இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.