கோடு இறங்கும் நேரம்

முதல் மூன்று மாதம் நான் பார்த்ததெல்லாம் செத்த செல்கள். கினிப்பன்றியின் இதயத்தைக் குழாயில் மாட்டி, கொலாஜினேஸ் நொதி கலந்த கரைசலை ஓடவிட்டு, தசையைத் தனித்தனி செல்லாகப் பிரிப்போம். நல்ல செல் செங்கல் மாதிரி நீளமாக, குறுக்கே வரி வரியாக இருக்கும். என்னுடையவை உருண்டு கிடந்தன.

“கால்சியத்தை எப்படித் திருப்பிக் கொடுத்தே?” என்று கேட்டார், எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா. ஒரே தடவையில் ஊற்றியிருந்தேன். “இவ்வளவு நேரம் அது இல்லாம இருந்த செல். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், இல்லன்னா கொன்னுடும்.” கால்சியம் இல்லாமல் தவளை இதயம் துடிப்பதில்லை என்று 1880களிலேயே லண்டனில் சிட்னி ரிங்கர் கண்டிருந்தார். படித்ததுதான், கைக்கு வரவில்லை.

பிறகு பேட்ச் கிளாம்ப். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976இல் வெளியிட்ட முறை. ஓரிரு மைக்ரான் நுனியுள்ள கண்ணாடிப் பிப்பெட்டை செல்மேல் தொட்டு, குழாய் வழியாக வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டினால் மின்தடை ஜிகா ஓமுக்குத் தாவும். இன்னொரு சின்ன உறிஞ்சல்; சவ்வு கிழிந்து, செல்லின் உள்ளே வழி திறக்கும். மூச்சை எங்கே நிறுத்துவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அக்காவின் கன்னத்தைப் பார்த்துத்தான் கற்றேன்.

முதல் துடிப்பு திரையில் வந்தது. மைனஸ் 85 மில்லிவோல்ட்டில் கிடந்த கோடு, சோடியம் பாய்ந்ததும் ஓரிரு மில்லி நொடியில் செங்குத்தாக ஏறியது. பிறகு நீண்ட மேடு. அங்கே செல் சும்மா இருக்கிறது என்று நினைத்தேன். “சும்மாவா? கால்சியம் உள்ளே வருது, பொட்டாசியம் வெளியே போகுது. ரெண்டும் கிட்டத்தட்டச் சமம், அதான் அசையல,” என்றார் அக்கா. இதயத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். தசை சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதற்கான அவகாசம் இந்த மேட்டில் இருக்கிறது.

சமநிலை மிக மெலிது என்பதால், அதைக் குலைக்கச் சின்னத் தடையே போதும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது, ஒரு பொட்டாசியம் ஓட்டத்தை அடைத்ததால். அதே ஓட்டத்தை அடைக்கும் இ-4031 மருந்தை அன்று என் செல்லுக்கு விட்டோம். துடிப்புக்குத் துடிப்பு மேடு நீண்டது. ஒரு துடிப்பில், இறங்கிக்கொண்டிருந்த கோடு பாதி வழியில் மறுபடி மேலே திரும்பியது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.