பழம்புடவையில் ஒரு பெயர்

மாஷியின் திண்ணையில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று கொல்கத்தா வியாபாரி அனுப்பிய புதுப் பருத்தித் துணி. அளவாக வெட்டி, பூவும் யானையும் வரைந்து, நூலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மற்றொன்று வெளுத்துப்போன நூல்புடவைகள். முதலாவது கூலிக்கு. இரண்டாவது அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் பேரக்குழந்தைக்கு. இரண்டிலும் அவர் போடப்போவது ஒரே தையல்தான். "வியாபாரி கேட்டால் புதுத் துணியில் தைத்துக் கொடுக்கிறேன் திதி. என் வீட்டுப் பிள்ளையை அதில் கிடத்த மாட்டேன்" என்றார்.

சியால்தா நிலையத்தின் தெற்குப் பகுதியில் லோக்கல் ரயில் ஏறி, பாலிகஞ்ச், டாக்குரியா, ஜாதவ்பூர், கரியா என்று நகரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைப் பார்த்துக்கொண்டே சோனார்பூரில் இறங்கி, அங்கிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். காலையில் இதே தடத்தில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளில் கால்வைக்க இடமிருக்காது. கொல்கத்தாவின் சமையலறைகளையும் கூடங்களையும் துலக்கும் பெண்கள் அவற்றில்தான் வருகிறார்கள். அப்படிப் போக முடியாதவர்கள், அதாவது முட்டி தேய்ந்த கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், மாமியார் வீட்டில் வெளியே விடாத மருமகள்கள், வீட்டிலிருந்தபடி ஊசி பிடிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கத்தான் போனேன். வங்காள முறையில் மாஷி, அதாவது சித்தி, என்று நான் கூப்பிட்டவர் அவர்களில் ஒருவர். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் என் சித்தி மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். அவள் குழந்தைக்குக் காந்தா சொல்லிவைக்கும் வேலையும் இருந்தது.

காந்தா என்றதும் நம் ஊரில் பட்டுப்புடவையில் நிறைத்துப் போட்ட தையல் வேலைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பின்னால் வந்தது. வங்காளத்து வீடுகளில் காந்தா என்பது பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு இணைத்த துணி. குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கனமாக லேப் காந்தா, விருந்தாளி வந்தால் விரிக்க வேலைப்பாடு மிகுந்த சுஜனி, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ஆர்ஷிலதா என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் இதே முறையில் செய்துகொண்டார்கள். இவற்றுள் குழந்தைக் காந்தாவைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை. காரணம் எளிது. அது நாள்தோறும் நனைந்து, துவைபட்டு, வெயிலில் கிடந்து, அடுத்த பிள்ளைக்குப் போய், கடைசியில் கரித்துணியாகிவிடும். மிஞ்சினால்தானே அருங்காட்சியகத்துக்கு வரும்.

ஒரு பிள்ளைக்கு ஒன்றிரண்டு போதாது. மழைக்காலத்தில் பிறந்தால் ஒரு டஜனாவது வேண்டும் என்றார் மாஷி. சணல் கயிற்றுக் கொடியில் வரிசையாகக் குட்டிக் காந்தாக்கள் காய்ந்தால் அந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கோடைக்கு இரண்டு மடிப்பு. பௌஷ மாதக் குளிருக்கு நான்கு மடிப்பு. கீழே ரப்பர் விரிப்பு, அதன்மேல் காந்தா, தலைக்குக் கடுகு நிரப்பிய சின்னத் தலையணை. கடுகு உள்ளே உருண்டு இடம் கொடுப்பதால் தலை ஒரு பக்கம் சப்பையாகாது என்பது வங்காளிகளின் நம்பிக்கை.

நமக்கு இது அந்நியமில்லை. தாத்தாவின் பழைய வேட்டியில் பிள்ளையை ஏந்தி, அம்மாவின் நூல்புடவையில் தூளி கட்டியவர்கள்தான் நாம். ஏன் பழைய துணி என்று கேட்டால் மாஷி சொன்ன பதிலையே நம் பாட்டிகளும் சொல்லியிருப்பார்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் விடும், சுருங்கும். பல வருடம் உடுத்தித் துவைத்த நூல்புடவை விட வேண்டிய சாயத்தை எல்லாம் விட்டிருக்கும். ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். இன்னொரு காரணத்தை மாஷி குரலைத் தாழ்த்திச் சொன்னார். கந்தலில் கிடக்கும் பிள்ளைமேல் கண் படாது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர்வைத்த ஊர்க்காரர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

அன்று பேரக்குழந்தைக்கான காந்தா ஒன்றை அடுக்கினார்கள். கழுவித் துடைத்த தரையில் முதல் துணியை விரித்து, மாஷியும் அவர் மருமகளும் எதிரெதிரே மண்டியிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனார்கள். ஒரு சுருக்கம் உள்ளே தங்கினாலும் அது குழந்தையின் முதுகில் உறுத்தும். அதன்மேல் அடுத்த மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. நான்கு மூலைகளிலும் சொம்பும் கல்லும் வைத்து அழுத்திவிட்டு, நீள நீளமாக இழையோட்டி நிறுத்திக்கொண்டார்கள். பிறகுதான் உண்மையான தையல் தொடங்குகிறது. ஓரத்தில் கரை: நெற்கதிர்க் கரை, தேள் கரை, வளைந்து வளைந்து போகும் கரை என்று பல வகை. நடுவில் தாமரை, மூலைகளில் மாங்காய் வடிவக் கல்கா, இடையில் மீன். படங்கள் முடிந்ததும் மிச்சமுள்ள வெள்ளை இடம் முழுவதும் வெள்ளை நூலால் நுணுக்கி ஓட்டுத் தையல். அந்தத் தையல் நேர்க்கோட்டில் போகாது. தாமரையைச் சுற்றி வந்து, மீனைச் சுற்றி வந்து, ஒன்றையொன்று தொடும் இடத்தில் விலகிப் போகும். அதனால்தான் துணி முழுவதும் குளத்து நீர்போலச் சிற்றலை எழும்புகிறது. வேலை முடிந்த ஒரு காந்தாவின்மேல் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்துப் பார்த்தேன். இயந்திரத்தில் தைத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரிகிறது.

அந்த வீட்டின் மூத்த கிழவி, மாஷியின் மாமியார், ஒரு சிவப்புக் கரைத் துண்டை எடுத்துக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு அதிலிருந்து இழைகளை உருவிக் காட்டினார். முன்பெல்லாம் காந்தாவுக்கு நூல் விலைக்கு வாங்கியதில்லை. புடவைக் கரையில் உள்ள சிவப்பு, கறுப்பு, நீல இழைகளை உருவி, இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கித் தைத்தார்கள். பழைய காந்தாக்களில் அந்த நிறங்களே திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். கிழவி இன்றைய குல்னா பகுதியில் பிறந்து, பிரிவினையின்போது தாயின் இடுப்பில் இந்தப் பக்கம் வந்தவர். அம்மா எடுத்துவந்த மூட்டையைக் கட்டியிருந்ததே ஒரு காந்தாதான் என்றார். அகதிகளாக வந்து கொல்கத்தாவின் தென்புறக் காலனிகளில் குடியேறிய பெண்களோடு ஜெஸ்ஸோர், குல்னா, ஃபரீத்பூர் ஊசிக்கைகளும் வந்து சேர்ந்தன. தெற்குக் கொல்கத்தாவின் தையலுக்குப் பின்னால் இந்த இடப்பெயர்வு இருக்கிறது.

பச்சைக் குழந்தைக்குத் தைப்பதில் சில கட்டுப்பாடுகளை மாஷி விடுவதே இல்லை. முடிச்சு வெளியே தெரியக் கூடாது. நூல்முனையை இரண்டு மடிப்புகளுக்கு இடையில் நுழைத்து, ஒரு பின்தையல் போட்டு நிறுத்துவார். மணி, ஜமிக்கி, கண்ணாடி கூடாது. வியாபாரியின் மாதிரியில் ஓரத்தில் குஞ்சம் இருந்தது. விரல் சிக்கும், வாயில் போகும் என்று அதை மட்டும் தைக்க மறுத்துவிட்டாராம். காந்தாவைப் பயன்படுத்தும் முறையும் மருத்துவர்கள் இன்று சொல்வதற்கு ஒத்துப்போகிறது. தூங்கும் சிசுவின்மேல் தளர்வான போர்வை கிடக்கக் கூடாது என்கிறார்கள். காந்தாவைப் பெரும்பாலும் கீழே இழுத்து விரிக்கவும், கைமாற்றி ஏந்தும்போது சுற்றிக்கொள்ளவும்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள்.

இப்போது வியாபாரிகள் அதிகம் கேட்பது பெயர் தைத்த காந்தா. வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டரில் ஆணென்றால் நீலம், பெண்ணென்றால் ரோஜா நிறம் என்று முன்கூட்டியே எழுதி வருகிறது. இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறக்கும்முன் பாலினம் சொல்லக் கூடாது என்பதால் உள்ளூர்க்காரர்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று கேட்கிறார்கள். பெயரும் முன்னதாகத் தெரியாது. வங்காளிக் குழந்தைக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் முதலில் வந்துவிடும். வெளியுலகுக்கான பெயர் பல வீடுகளில் சோறூட்டும் சடங்கின்போதுதான் உறுதியாகும். ஆகவே மாஷி ஒரு மூலையை வெறுமையாக விட்டுவைக்கிறார். பிள்ளை பிறந்து, கூப்பிடும் பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு காந்தா திரும்பி வரும்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் ஆங்கில எழுத்தில் வரைந்திருந்த பெயரின்மேல் ஊசி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. யாருடைய பெயர் என்று கேட்டேன். தலையாட்டிச் சிரித்தார். நான் படித்துச் சொன்னேன். எங்கோ இருக்கும் அந்தக் குழந்தையின் பெயரை அவர் இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுபடி குனிந்துவிட்டார். அவர் பெயர் அந்தத் துணியில் எங்கும் இருக்காது.

இதைப் பார்த்ததும் எனக்கு மானதாசுந்தரி தாசி நினைவுக்கு வந்தார். கொல்கத்தாவின் தென்மேற்கில், ஜோக்காவில், குருசதய் தத் சேர்த்த நாட்டார் கலைப்பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியான தத், மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகிப் போன இடங்களில் எல்லாம் மற்றவர்கள் பொருட்படுத்தாத காந்தா, பொம்மை, படச்சுருள் ஆகியவற்றைச் சேர்த்தவர். 1941-இல் மறைந்தார். அருங்காட்சியகம் 1963-இல் திறக்கப்பட்டது. அங்குள்ள காந்தாக்களில் மிகப் புகழ்பெற்றது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தன் தந்தைக்காகத் தைத்தது. தன் கையால் இதைத் தைத்துத் தந்தைக்குக் கொடுத்ததாகத் தன் பெயரோடு அந்தத் துணியிலேயே எழுத்துத் தையலாகப் பதித்திருக்கிறார். பெண்கள் எழுதப் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது. சில வருடங்களுக்கு முன் அந்தக் காந்தாவின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்திருக்கிறேன். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவரே தைத்துவைத்ததுதான். மத்திய அரசின் நிதி நின்றபிறகு அந்த அருங்காட்சியகம் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்த காந்தாக்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2009-இல் அங்கே பெரிய கண்காட்சியே நடந்தது. மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு, அதாவது படவேலை தைத்த காந்தாவுக்கு, 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே சோனார்பூரைச் சேர்ந்த ப்ரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சுற்றுவட்டப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தவர். மாஷியும் அந்தச் செய்தியைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். இவை உண்மையான பெருமைகள். ஆனால் அந்தப் பெருமை திண்ணைக்குக் காசாக வந்து சேரவில்லை.

கூலி உருப்படிக்கு. வியாபாரியிடமிருந்து துணி வாங்கி வருபவர் ஊரிலேயே உள்ள ஒரு பெண்; அவருக்கு ஒரு பங்கு போக மிச்சம் தைப்பவருக்கு. சமைத்து, தண்ணீர் எடுத்து, ஆட்டைக் கட்டிவிட்டு, கிடைக்கும் பகல் வெளிச்சத்தில் தைத்தால் ஒரு குழந்தைக் காந்தாவுக்குப் பதினைந்து இருபது நாள் ஆகும் என்றார் மாஷி. எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை. மஞ்சள் கறை பட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அவர் சொன்ன கூலியைத் தைக்கும் மணிகளால் வகுத்துப் பார்த்தால், அவர் மகனின் கட்டடவேலைத் தினக்கூலியில் ஒரு மணிக்கு வருவதன் கிட்டேகூட வரவில்லை. இதைத் தாய்மை என்றும் பாரம்பரியம் என்றும் விளம்பரச் சீட்டில் எழுதி விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. தன் பேரக்குழந்தைக்குத் தைப்பது தாய்மை. ஊர் பேர் தெரியாத பிள்ளைக்குத் தைப்பது வேலை. வேலைக்கு நேரக்கூலி கொடுக்க வேண்டும்.

பழம்புடவையும் அருகிவருகிறது. நம் ஊரில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்களைப் போலவே கொல்கத்தாத் தெருக்களிலும் பாத்திரக் கூடையோடு பெண்கள் வருகிறார்கள். முன்பு அவர்கள் கூடையில் சாந்திபூர், தனியாகாலி நூல்புடவைகள் சேரும். இப்போது வீட்டுக்குள் நைட்டி, வெளியே சுரிதார், விசேஷத்துக்குப் பாலியெஸ்டர் கலந்த பட்டு. இவற்றில் காந்தா தைக்க முடியாது.

சித்தி மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அம்மாவின் சுங்குடிச் சேலைகள் இரண்டும், கைத்தறி வேட்டி ஒன்றும் மதுரையிலிருந்து வந்தன. மாஷி தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல துணி என்று இரண்டே சொல்லில் முடித்தார். தைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி பேசினோம். குழந்தையின் பெயருக்கு எதிர்மூலையில் அவர் பெயரையும் தைக்கச் சொன்னபோது கூச்சப்பட்டு மறுத்தார். மருமகள்தான் பென்சிலில் வங்காள எழுத்தில் எழுதிக் கொடுத்துச் சம்மதிக்கவைத்தாள். வியாபாரிக்குத் தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது, அதற்குக் காந்தா வாங்க நினைக்கிறீர்கள் என்றால், கடையில் அடுக்கியிருப்பதை எடுப்பதற்கு முன் வீட்டுப் பெட்டியில் உடுத்தி நைந்த நூல்புடவை இருக்கிறதா என்று பாருங்கள். தைப்பவரிடம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு, அதற்குத் தக்கபடி கூலி பேசுங்கள். ஒரு மூலையில் அவர் பெயரையும் தைக்கச் சொல்லுங்கள்; அந்த எழுத்துகளைத் தைக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.