எது பெரிய பழுது?

கர்ல் என்ற திறந்த மூல மென்பொருளில் ஒரு பிழையை 2019இலேயே திருத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசிய பாதிப்புத் தரவுத்தளம் அதே பிழைக்கு 10க்கு 9.8 போட்டது. கர்ல்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி முயற்சிக்குமுன் எத்தனை செக்கன் காத்திருப்பது என்ற கணக்கு மட்டும்தான் பிசகும் என்று டேனியல் ஸ்டென்பெர்க் பகிரங்கமாக மறுத்து எழுதினார். பிறகு புள்ளி 3.3 ஆனது.

லுணுகலைத் தோட்டங்களில் நாங்க பார்த்தது இதன் மறுபக்கம். லயத்துக் கூரை ஒழுகுதுன்னு சொன்னா, "சின்ன ரிப்பேர்தானே" என்பார்கள். அங்கே கூட்டிப் போட்டாங்க, இங்கே குறைச்சுப் போடுறாங்க. ரெண்டு இடத்திலயும் விஷயம் தெரிந்தவரைக் கேட்கவில்லை.

ஆனா ஸ்டென்பெர்க்கின் மறுப்பு எழுத்தில் இருந்தது. எங்க அம்மாமார் சொன்னது எந்தப் பதிவிலும் இல்லை. முதல்ல அதை எழுதி வைப்போம், திகதியோட.