நாலு பிரிஸம், பேஸ் அவுட்

லென்ஸ் அரைக்கிற பட்டறையில் பிரிஸம் வந்துவிட்டது என்றால், அன்றைக்கு யாரோ ஒருவர் திட்டு வாங்கப்போகிறார் என்று அர்த்தம். லென்ஸின் ஒரு விளிம்பு தடித்து எதிர் விளிம்பு மெலிந்துபோனால், ஒளி தடித்த பக்கமாக வளையும். பார்க்கிற பொருள் மெலிந்த பக்கம் நகர்ந்ததுபோலத் தெரியும். போட்டவருக்குத் தலைவலி, விற்ற கடைக்கு வம்பு.

வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே, செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி நான் போன பட்டறையில் அன்று தலைகீழான ஒரு சீட்டு வந்திருந்தது. இரண்டு கண்ணுக்கும் தலா 4 பிரிஸம், பேஸ் அவுட். தடித்த விளிம்பு காதுப் பக்கம் வர வேண்டும்.

"மத்த நாள்ல பிரிஸம் வந்தா ரிஜெக்ட். இதுல வரலேன்னா ரிஜெக்ட்" என்றார் லென்ஸைக் கடைகிற ஜெனரேட்டர் மெஷினில் நின்றிருந்த அண்ணன். இந்தத் தொழிலில் தலை நரைத்தவர்.

இப்படி ஒரு லென்ஸ் யாருக்குத் தேவைப்படும்? கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிற தசைக்கு ஆறாவது நரம்பு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயில் அது அடிபட்டால் விழி மூக்குப் பக்கம் ஒதுங்கிவிடும்; எதிரே வருகிற ஒரு லாரி இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிடும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகவே சரியாகும் என்பதால், அதுவரைக்கும் ஃப்ரெனெல் பிரிஸம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெட்டிப் பழைய கண்ணாடியிலேயே ஒட்டிவிடுவார்கள். கலங்கரை விளக்குக்காக ஃப்ரெனெல் 1820களில் கண்ட உத்திதான் அது. வரிவரியாக இருப்பதால் பார்வை கொஞ்சம் மங்கும். அதற்குப் பிறகும் கோணல் மிச்சமிருந்தால்தான் லென்ஸிலேயே அரைக்கச் சொல்லிச் சீட்டு வரும்.

1 மீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரு பிரிஸம். 1890-இல் இந்த அளவை முன்வைத்த சார்லஸ் பிரென்டிஸ் டாக்டர் அல்ல, நியூயார்க்கில் கண்ணாடித் தொழில் பார்த்தவர். பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கைக்கு அடக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 4-ம் 4-ம் 8. ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய எழுத்து அட்டையில் அது 48 சென்டிமீட்டர் நகர்வு. எட்டையும் ஒரே கண்ணில் வைத்தால் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் இரு விளிம்புக்கும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். சோடாபுட்டிக் கண்ணாடிகூடத் தோற்றுவிடும். பிரித்துப் போட்டால் நாலு நாலு மில்லிமீட்டரோடு போகும்.

வேலை நடக்கிற விதம் எளிது. இன்னும் கடையாத லென்ஸான பிளாங்கின் முன்பக்கம் ஏற்கெனவே தயார். பின்பக்கத்தைத்தான் கடைய வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு உலோகக் குமிழை முன்பக்கம் ஒட்டுவார்கள். அந்த இடத்தில் ஒரு பக்கம் உயர்ந்த வளையத்தைக் கொடுத்துப் பிளாங்கைச் சாய்த்துவிட்டால் போதும், மெஷின் வழக்கம்போல வெட்டினாலும் லென்ஸ் ஒருபக்கம் தடித்தே வரும். ஒட்டுவதற்கு ஊற்றுகிற உலோகம் 47 டிகிரியிலேயே உருகும், வெந்நீர் போதும். அதில் பிஸ்மத்தோடு ஈயமும் காட்மியமும் உண்டு. அண்ணன் கையுறை போடவில்லை. அவருடைய டிபன் பாக்ஸ் அதே மேஜையின் ஓரத்தில் இருந்தது. கேட்டேன். "கழுவிட்டுதான் சார் சாப்பிடுவோம்" என்றார். எனக்கு அது போதவில்லை.

தேய்த்து, அலுமினா குழம்பில் பாலிஷ் போட்டு எடுத்ததும், லென்ஸை அளக்கிற லென்சோமீட்டரில் வைத்தார். நானும் பார்த்தேன். நடுவில் நிற்க வேண்டிய பச்சைக் கோடுகள் தடித்த பக்கமாகத் தள்ளி, நாலாவது வட்டத்தில் நின்றன. அவர் உடனே வேறொரு லென்ஸை எடுத்து வைத்தார்: மைனஸ் 8 பவர், யாருக்கோ ஃபிட்டிங் தவறித் திரும்பி வந்தது. மையம் 5 மில்லிமீட்டர் விலகியிருந்தது. அதிலும் கோடுகள் அதே நாலாவது வட்டத்தில். கணக்கும் அப்படித்தான், பவரை, விலகிய சென்டிமீட்டரால் பெருக்கினால் பிரிஸம். ஒருவருக்குத் தலைவலி கொடுத்து ரிஜெக்ட் ஆன அளவும், இன்னொருவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அளவும் ஒன்றே.

தடித்த விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, உறையில் வலது, இடது என்று பெரிதாக எழுதினார். ஃப்ரேமுக்கு வெட்டுகிறவர் இரண்டு வட்ட லென்ஸையும் திருப்பிப் போட்டுவிட்டால் 8 பேஸ் அவுட் 8 பேஸ் இன் ஆகிவிடும். நோயாளிக்கு அது 16 பிரிஸம் தவறு. இரட்டைப் பிம்பம் முன்னைவிட விலகிப் போகும்.

இந்த ஒரு ஜோடிக்குச் சாதாரண ஜோடியைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. கூலியோ அங்கே ஜோடிக்கணக்கு. அதைக் கேட்டதும் அண்ணன் சிரித்தார்.

"பிரிஸத்துக்குத் தனி ரேட்டு போடச் சொல்லிக் கேட்டிருக்கோம் சார். மாசத்துக்கு எத்தனை வருதுன்னு ஓனர் திருப்பிக் கேக்குறாரு."