சைலன்சரை உள்ளே இருந்து தின்ற துரு

எங்க வயல் கடைவரம்புல இருக்கு. பேச்சிப்பாறை அணைத் தண்ணி கால்வாய்ல வந்தாலும், மேல உள்ளவங்க பாய்ச்சி முடிச்ச பிறகுதான் நம்ம மடைக்கு எட்டும். பெரும்பாலும் ராத்திரிதான். கும்பப்பூ நடவு முடிஞ்ச கையோட மழையும் ஏமாத்திட்டு. விடியக்காலம் நாலு மணிக்கே வண்டியை எடுத்துட்டு ஓட வேண்டியதாப் போச்சு.

வண்டி செகண்ட் ஹேண்டா வாங்கின பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். அந்த ரெண்டு கம்பெனியும் பிரியப்போறதா 2010-லயே அறிவிச்சாச்சு. என் பெட்ரோல் டேங்குல மட்டும் இன்னும் ஒண்ணாத்தான் இருக்கு.

ஒருநாள் ஸ்டார்ட் பண்ணினதும் டிராக்டர் மாதிரி ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா சைலன்சர் அடியில பெருவிரல் போற அளவு ஓட்டை. பக்கத்து வீட்டுல பிரசவத்துக்கு வந்த பிள்ளை, கைக்குழந்தையோட இருக்கா. சத்தம் போட மனசு வரல. மூணு நாள் கால்வாய்க்கரை வரைக்கும் தள்ளிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினேன். "இதுக்கு நடந்தே போயிரலாமே"ன்னா வீட்டுக்காரி.

வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். வருஷா வருஷம் சில்வர் பெயிண்ட் அடிச்சும் இப்படி ஆயிட்டேன்னு புலம்பினேன். மெக்கானிக் ஸ்குரூடிரைவரால ரெண்டு தட்டு தட்டிட்டு, "வெளிய என்னத்த அடிச்சு என்ன அண்ணாச்சி, இது உள்ள இருந்தாக்கும் தின்னுருக்கு"ன்னார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் எரியும்போது புகையோட நீராவியும் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. தூரமா ஓட்டினா சைலன்சர் நல்லா சூடாகி, அது ஆவியாவே வெளியே போயிரும். வீட்டுக்கும் வயலுக்கும் ஒண்ணரைக் கிலோமீட்டர்தான். சூடாகுறதுக்கு முன்னாடியே வண்டியை நிறுத்திருவேன். சோத்துப்பானை மூடியில வேர்க்குற மாதிரி உள்ளே தண்ணி கோத்து நிக்கும்.

அந்தத் தண்ணி வடியத்தான் அடியில ஒரு சின்னத் துளை விட்டிருந்திருக்கு. போன வருஷம் அதுல தண்ணி சொட்டினதைப் பார்த்து, ஓட்டைன்னு நினைச்சு ஒரு ஸ்குரூவை வச்சுத் திருகி அடைச்சவன் நான்தான். அதைச் சொன்னதும் மெக்கானிக் சிரிச்சார். நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய?

என்ஜின் பக்கத்து நட்டு ரெண்டும் துருவேறி இறுகிக் கிடந்தது. அவசரப்பட்டுத் திருகினா ஸ்டட் முறிஞ்சிரும்னு, மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டார். மறுநாள் கழத்தித் தட்டினா ஒரு கை நிறைய துருச் சல்லி கொட்டுச்சு. மக்கின தகட்டை நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வச்சு கேஸ் வெல்டிங் பண்ணினார். துளையைத் திரும்பவும் திறந்து விட்டார். என்ஜின் வாயில புதுப் பேக்கிங் வச்சார். கடைசியா, சூடு தாங்குற பெயிண்ட்.

"மூடின சாய்ப்புக்குள்ள ஸ்டார்ட் பண்ணிப் போடாதீங்க, கேட்டேளா. புகையில மணமே இல்லாத விஷவாயு உண்டு"ன்னும் சொல்லி அனுப்பினார்.

வாரம் ஒருக்கா வடசேரி கனகமூலம் சந்தைக்கு பஸ்ல போய்ட்டிருந்தேன். இப்போ வண்டியிலதான் போறேன். சைலன்சர் காயட்டும்.

இன்னைக்கு நாலு மணிக்கு வீட்டு வாசல்லயே ஸ்டார்ட் பண்ணினேன். குழந்தை முழிக்கல. மடைக்குத்தான் இன்னும் தண்ணி வரல.